காட்டுயானமும் ஒரு துண்டுச்சீட்டும்

"காட்டுயானம்னா யானை தின்ற அரிசியாண்ணே?" சென்னையிலேர்ந்து ஒரு அம்மா போன்ல கேட்டாங்க. சிரிச்சிட்டேன். உள்ள யானையே நின்னாலும் வெளிய தெரியாது, அம்புட்டு உசரம் வளர்ற நெல்லு, அதனாலதான் அந்தப் பேருன்னு சொன்னேன். உடனே அஞ்சு கிலோ கேட்டாங்க.

எங்க தாத்தா காலத்துல இந்தக் கதையைச் சொல்லி யாரும் நெல்லு விக்கல. வீட்டுக் குதிர்ல கிடக்கிற நெல்லுக்குக் கதை எதுக்கு? 1966-ல ஐ.ஆர்.8 வந்துச்சு. குட்டைப் பயிரு, உரம் போட்டாலும் சாயாது, நாலு மாசம் சொச்சத்துல அறுத்துடலாம். காட்டுயானம் ஆறு மாசம் நிக்கணும். யாரு காத்திருப்பா? எங்க ஊர்ல விதை போச்சு. பேரு மட்டும் கிழவிங்க வாயில தங்குச்சு.

நம்மாழ்வார் காட்டுன வழியில, 2006-ல திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்துல நெல் ஜெயராமன் நெல் திருவிழா ஆரம்பிச்சார். ரெண்டு கிலோ விதை கொடுப்பாங்க, மறு வருஷம் நாலு கிலோவா திருப்பணும். விதையோட கதையும் ஊர் ஊராப் போச்சு. மாப்பிள்ளைச் சம்பா தின்னா இளவட்டக்கல்லைத் தூக்கலாம்கிற கதை டவுன்காரங்களுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு.

அந்த அம்மா மறுபடி கூப்பிடவே இல்ல. நானே கேட்டேன். "வேகவே இல்லண்ணே, பையன் துப்பிட்டான்."

யானையைச் சொன்னவன், ராத்திரியே ஊறப்போடணும்னு சொல்லலியே! எங்கம்மா இதைக் கஞ்சியாத்தான் காய்ச்சுவாங்க. அதையும் சொல்லல.

இப்ப பைக்குள்ள ஒரு துண்டுச்சீட்டு வைக்கிறேன். யானைக்கு ரெண்டு வரி, கஞ்சிக்கு எட்டு வரி.