கதிரும் தராசும்

அரிசிச் சோறு தின்று வளர்ந்தவனுக்குக் கோதுமையைப் பற்றி என்ன பேச்சு என்று வாசகர்கள் கேட்கலாம். கேள்வி நியாயந்தான். ஆனால் பழைய தபால் தலைகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஒன்று கண்ணில் பட்டது. 'கோதுமைப் புரட்சி'யைக் கொண்டாட 1968ஆம் வருஷம் நம் சர்க்கார் வெளியிட்டது. அதில் கதிர் இருக்கிறது, தராசு இல்லை. அந்தக் குறைதான் என்னை எழுத உட்கார வைத்தது.

கதிரின் கதை பலருக்கும் தெரிந்ததே. நம் நாட்டு நெட்டைக் கோதுமைக்கு உரத்தைக் கூட்டினால் கனம் தாங்காமல் தாள் சாய்ந்துவிடும். ஜப்பானியக் குட்டை ரகம் ஒன்றின் வம்சம் அமெரிக்கா போய், மெக்ஸிகோவில் நார்மன் போர்லாக்கின் கையில் திருந்தி, எம். எஸ். சுவாமிநாதன் போன்றவர்களின் முயற்சியால் இங்கே வந்தது. 1966ல் மட்டும் மெக்ஸிகோவிலிருந்து 18,000 டன் விதை வாங்கினோம். உணவு மந்திரி சி. சுப்பிரமணியம் டில்லியில் தம் பங்களாப் புல்வெளியிலேயே புது ரகத்தைப் பயிரிட்டுக் காட்டினார். 1964-65ல் சுமார் 1 கோடியே 23 லட்சம் டன்னாக இருந்த விளைச்சல், 1967-68ல் 1 கோடியே 65 லட்சத்தை எட்டியது. வைக்க இடமில்லாமல் பள்ளிக்கூடங்களை மூடி, அங்கே மூட்டைகளை அடுக்கினார்கள்.

எல்லாம் சரி. ஆனால் நிறைய விளைந்தால் விலை சரியும் என்று அறிந்த குடியானவன் எந்தத் தைரியத்தில் விதைத்தான்? அதற்குப் பழைய பஞ்சாபின் மண்டிக்குப் போக வேண்டும்.

நாலு மூட்டையோடு வண்டி கட்டி வருகிறான் ஒரு சிறு குடியானவன். தரகர்கள் துணிக்கடியில் விரல்களைப் பிடித்து விலை பேசுகிறார்கள். நம் மாட்டுச் சந்தையிலும் உள்ள வழக்கந்தான். சரக்குக்கு உடையவனுக்கு மட்டும் விலை தெரியாது! அடுத்து, கள்ள எடை. அதற்கும் அடுத்து, தரகு, எடைகூலி, தர்மக் கணக்கு என்று வரிசையாகப் பிடித்தம். வேண்டாமென்று வண்டியைத் திருப்பவும் முடியாது. அவனுக்குக் கடன் கொடுத்தவனே பெரும்பாலும் அங்கே தரகன். 1928ல் வெளியான ராயல் விவசாயக் கமிஷன் அறிக்கையே இந்த அக்கிரமங்களைச் சொல்லுகிறது.

ரோத்தக் ஜில்லாவில் 1881ல் பிறந்த சோட்டு ராம் இதையெல்லாம் அறிந்தவர். அவர் படிப்புக்குக் கடன் கேட்டுப் போன தகப்பனாரிடம், லேவாதேவிக்காரர் பங்காக் கயிற்றை எறிந்து, "இழு" என்றாராம். மகன் பார்த்துக்கொண்டு நின்றான் என்று சொல்லுவார்கள். நாவல் எழுதுகிறவனுக்கு இந்த ஒரு காட்சி போதும். அந்த மகன் வக்கீலாகி, மந்திரியுமானார். 1939ல் பஞ்சாப் மண்டிச் சட்டம் வந்தது. தரகனுக்கு லைசென்ஸ், பிடித்தத்துக்கு வரம்பு, மண்டிக் கமிட்டியில் விவசாயிகளுக்கு இடம். 1945ல் சோட்டு ராம் காலமானார், மண்டிகள் நிலைத்தன.

1965 ஜனவரியில் இந்திய உணவுக் கழகமும் விவசாய விலைக் கமிஷனும் பிறந்தபோது, கொள்முதலுக்கு அந்த மண்டிகள் தயாராக இருந்தன. விதை கப்பல் கப்பலாக வருமுன்பே விலைக்கு ஓர் உத்தரவாதம் வந்துவிட்டது. பஞ்சாபியின் தைரியம் அதுதான். அந்தத் தைரியத்தில் ஆழ்குழாய்க் கிணறுகள் பெருகி, நிலத்தடி நீர் பாதாளத்துக்குப் போனது பின்னால் வந்த துக்கம்.

அதே விதை பீகாருக்கும் போனது. அங்கே மண்டி அவ்வளவு வலுவாக வேரூன்றவில்லை. இருந்த மண்டிச் சட்டத்தையும் 2006ல் ரத்து செய்தார்கள். நாடு முழுவதும் பார்த்தாலும், ஆதார விலைக்குச் சர்க்கார் கொள்முதலில் விற்க முடிந்தவர்கள் சுமார் 6 சதவீத விவசாயிகளே என்று 2015ல் சாந்தகுமார் கமிட்டி சொல்லிற்று.

மற்றவர்கள்? பெரிய பண்ணைக்காரர் நல்ல விலைக்காகக் காத்திருப்பார். இரண்டு ஏக்கர்க்காரன் காத்திருக்க முடியாது. கடனுக்காகச் சித்திரையில் களத்திலேயே வந்த விலைக்குக் கோதுமையை விற்பான். மார்கழிக் குளிரில் அதையே மாவாகக் கூடுதல் விலைக்கு வாங்குவான். விளைவித்தவன் வீட்டிலேயே ரொட்டி எண்ணிக்கை குறையும்.

தபால் தலையை மறுபடி ஆல்பத்தில் வைத்துவிட்டேன். கதிர் அழகாகத்தான் இருக்கிறது. பக்கத்தில் ஒரு தராசு போடக் கொஞ்சம் இடமும் இருந்திருக்கலாம்.