ஜெர்ஸி லில்லியின் வியாபாரம்

ஜெர்ஸி என்று சொன்னால் நம் நாட்டுப்புறத்து மக்களுக்கு நினைவில் வருவது கறவைப் பசு ஒன்றுதான். அப்பெயர் ஒரு தீவினுடையது என்பதும், அத்தீவு பிரான்ஸ் தேசத்துக் கரையிலிருந்து 14 மைல் தொலைவில், ஆங்கிலக் கால்வாயில் 45 சதுர மைல் பரப்புடன் கிடக்கும் சிற்றிடம் என்பதும் பால் கறப்பவருக்கும் வேண்டியதில்லை, குடிப்பவருக்கும் வேண்டியதில்லை. அந்தப் பசுவுக்கு அடுத்தபடியாக அத்தீவிலிருந்து புறப்பட்டு அகில லோகப் பிரசித்தி அடைந்தது எது என்று கேட்டால், 1853-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 13-ஆம் தேதி அங்கே செயின்ட் ஸேவியர் என்னும் திருச்சபை வட்டத்தில், தீவின் தலைமைக் குருவாக இருந்தவருக்கு ஆறு ஆண்மக்களோடு ஒரே பெண்ணாகப் பிறந்த எமிலி ஷார்லட் லெ பிரெட்டன் என்றுதான் சொல்ல வேண்டும். உலகம் அவரை அறிந்திருப்பது லில்லி லாங்ட்ரி என்ற பெயரால்.

உல்லாசப் படகு வைத்திருந்த எட்வர்ட் லாங்ட்ரி என்பவரை 1874-இல் மணந்துகொண்டு, தீவை விட்டு லண்டன் மாநகரம் சேர்ந்த அப்பெண்மணிக்கு அங்கே அறிமுகமானவர்கள் மிகச் சிலரே. 1877-இல் ஸீப்ரைட் சீமாட்டியின் வீட்டில் நடந்த மாலை விருந்துக்கு அழைப்பு வந்தபோது, கடைசித் தம்பி குதிரையிலிருந்து விழுந்து இறந்த துக்கம் ஆறாத நிலையில், ஆபரணம் ஒன்றுமின்றி எளிய கறுப்பு உடையோடு சென்று ஒரு மூலையில் அமர்ந்தார். பட்டும் வைரமும் ஜொலித்த அந்தச் சபையில் அந்தக் கறுப்புதான் எல்லோருடைய கண்ணையும் இழுத்தது. அங்கிருந்த பிராங்க் மைல்ஸ் என்ற ஓவியர் அப்பொழுதே பென்சிலால் அவருடைய சாயலைத் தீட்டினார். ஜெர்ஸித் தீவோடு குடும்ப சம்பந்தமுள்ள மகா ஓவியர் மில்லே, தம் ஊர்ப் பெண் என்ற உரிமையோடு, உருவப்படம் எழுத இசைவு கேட்டார். 1878-இல் ராயல் அகாடமியில் வைக்கப்பட்ட அந்தப் படத்திற்கு ‘ஒரு ஜெர்ஸி லில்லி’ என்பது நாமகரணம். படத்தில் அவர் கையிலிருக்கும் மலரோ அண்டைத் தீவாகிய கெர்ன்ஸியின் லில்லி. அசல் கிடைக்காத இடத்தில் அண்டை வீட்டுச் சரக்குக்கு நம் வீட்டு முத்திரையைக் குத்தி விற்கும் வழக்கம் வியாபாரத்தில் புதிதன்று. இவருடைய கீர்த்தியின் தொடக்கத்திலேயே அது வந்து அமைந்தது ஒரு விந்தை.

அக்காலத்து லண்டனில் புகைப்படக் கடைகளின் கண்ணாடி ஜன்னல்களில், அரச குடும்பத்தாரின் படங்களுக்கும் மதகுருமார்களின் படங்களுக்கும் பக்கத்திலேயே, உயர்குடிப் பெண்களின் படங்களையும் அடுக்கி வைத்து விற்பது ஒரு மோகமாகப் பரவியிருந்தது. அப்படி விற்பனையானவர்களைத் ‘தொழில்முறை அழகிகள்’ என்று ஊரார் அழைத்தார்கள். தொழில் என்று பெயர் இருந்ததே தவிர அத்தொழிலில் அவர்களுக்குக் கூலி இல்லை. படம் பிடித்தவர் சம்பாதித்தார், அச்சிட்டவர் சம்பாதித்தார், கடைக்காரர் சம்பாதித்தார். லாங்ட்ரி கொண்டை என்று சிகையலங்காரத்திற்கும், லாங்ட்ரி தொப்பி, லாங்ட்ரி காலணி என்று பிற பண்டங்களுக்கும் அப்பெயரைச் சூட்டி விற்றவர்களும் பெயருக்கு உரியவரைக் கேட்கவில்லை. வேல்ஸ் இளவரசரின் நேசம் கிட்டியது. ஆஸ்கார் வைல்ட் ‘புதிய ஹெலன்’ என்று கவிதை பாடினார். ஆயினும் கீர்த்தி மளிகைக் கடைப் பற்றை அடைப்பதில்லை. கணவரின் அயர்லாந்து நிலங்களிலிருந்து வந்துகொண்டிருந்த குத்தகைப் பணம் குன்றிப்போக, 1880-இல் கடன்காரர்கள் அமீனாவோடு வந்து வீட்டுச் சாமான்களை ஏலத்தில் போட்டார்கள். நகரத்தின் ஒவ்வொரு ஜன்னலிலும் முகம் விலை போய்க்கொண்டிருந்த ஒரு பெண்ணின் வீட்டில் நாற்காலிகள் ஏலம் போயின. இந்தக் கணக்கின் விபரீதம் பிறர் எவருக்கும் முன்னே அவருக்கே விளங்கியது என்பது என் துணிபு. பின்னால் அவர் செய்த காரியங்கள் எல்லாவற்றிற்கும் மூலகாரணத்தை நான் அந்த ஏலத்திலேதான் காண்கிறேன்.

1881-இல் பாரிஸில் ஒரு பெண் குழந்தை இரகசியமாகப் பிறந்தது. கையில் பணமில்லை, கணவரால் பிரயோஜனமில்லை. வைல்ட் முதலிய நண்பர்கள் நாடகமேடையைச் சுட்டிக்காட்டினார்கள். பின்னாளில் லபூஷேர் என்பாரின் மனைவியானவரும் முன்னாள் நடிகையுமான ஹென்றியெட்டாவிடம் பயிற்சி பெற்று, அவ்வாண்டு டிசம்பர் 15-ஆம் தேதி ஹேமார்க்கெட் நாடகசாலையில், தர்ம காரியத்திற்காக நடந்த ஓர் ஆட்டத்தில், கோல்ட்ஸ்மித்தின் நாடகத்துக் கதாநாயகியாக முதன்முதல் தோன்றினார். கனவான் ஒருவரின் மனைவி கூலிக்கு நடிப்பதாவது என்று முகம் சுளித்தவர்களும் டிக்கெட்டு வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்துதான் சுளித்தார்கள். நடிப்பைப் பற்றி விமரிசகர்கள் அப்படி ஒன்றும் வியந்து எழுதவில்லை. ஆட்டந்தோறும் அரங்கம் நிரம்பியது. மறு வருஷம் அமெரிக்கா சென்றபோது, அவர் நடிக்க வேண்டியிருந்த நியூயார்க் பார்க் தியேட்டர், முதல் ஆட்டத்திற்குக் குறித்திருந்த அக்டோபர் 30-ஆம் தேதியன்றே தீப்பற்றி எரிந்து சாம்பலாயிற்று. ஒரு வாரம் கழித்து வாலக் தியேட்டரில் ஆட்டம் தொடங்கியது. தீவிபத்தே பெரிய தண்டோராவாக முடிந்தது.

இவ்விடத்தில் சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போவது முறையன்று. விவாகமான ஸ்திரீக்குத் தனிச் சொத்துரிமை என்பது ஆங்கிலேயருடைய பழைய சட்டத்தில் பெரும்பாலும் இல்லாத ஒன்று. மனைவியின் உடைமை கணவனுடைய உடைமையில் கரைந்துபோகும். 1870-இல் அவளுடைய சம்பாத்தியத்திற்கு மட்டும் ஒருவாறு பாதுகாப்புக் கிடைத்தது. சொத்தை வாங்கவும் விற்கவும் வைத்து ஆளவும் முழுப் பாத்தியதை தந்த சட்டம் 1882-இல் நிறைவேறி, 1883 ஜனவரி முதல் தேதி அமலுக்கு வந்தது. அமெரிக்க நகரங்களில் லில்லி நாடகமாடிப் பணம் சேர்க்கத் தொடங்கியதும் சரியாக அந்தப் பனிக்காலத்தில்தான். பழைய சட்டத்தின் காலத்தில் இவ்வளவையும் சம்பாதித்திருந்தால் அதில் எவ்வளவு எட்வர்ட் லாங்ட்ரியின் கடன்காரர்கள் கைக்குப் போயிருக்கும் என்று எண்ணும்போது, சிலருக்குச் சாமர்த்தியத்தோடு காலமும் கூடி வர வேண்டியிருக்கிறது என்று தோன்றுகிறது.

இனி சவர்க்காரத்திற்கு வருவோம். நம் வீடுகளின் ஸ்நான அறைகளிலும் இன்று காணப்படுகின்ற, தேன் நிறத்தில் கண்ணாடிபோல் ஊடுருவித் தெரிகின்ற பேர்ஸ் சோப்பு, 1807-இல் லண்டனில் ஆண்ட்ரூ பேர்ஸ் என்ற நாவிதரால் விற்பனைக்கு வந்த பழம் பொருள். அந்த வம்சத்துப் பெண்ணை மணந்து வியாபாரத்தில் கூட்டாளியான தாமஸ் பாரட், சோப்பை நன்றாகச் செய்தால் போதாது, அதைப் பற்றி ஊர் ஓயாமல் பேச வேண்டும் என்று கண்டுகொண்டவர். முதலில் எராஸ்மஸ் வில்ஸன் என்ற சரும வைத்திய நிபுணரிடம் நற்சாட்சிப் பத்திரம் வாங்கிப் போட்டார். ஹென்றி வார்டு பீச்சர் என்ற அமெரிக்கப் பிரசங்கியைக் கொண்டு, தூய்மை தெய்விகத்திற்கு அடுத்தபடி என்று சொல்ல வைத்தார். வைத்தியர் சொன்னால் நம்புவார்கள், பாதிரியார் சொன்னால் தலைவணங்குவார்கள். ஆனால் ஆசைப்பட வேண்டுமே! 1882-இல் லில்லி லாங்ட்ரியின் உருவமும், சோப்பைப் புகழ்ந்து அவர் எழுதிக் கையொப்பமிட்ட சிபாரிசும் பத்திரிகைகளில் வெளிவந்தன. தம் முகத்தைப் பிறர் விற்க வேடிக்கை பார்த்திருந்தவர், முதல் தடவையாக, அதற்கு விலை பேசிப் பணம் வாங்கினார். பிரபலமான ஒரு பெண்மணி கூலி பெற்றுக்கொண்டு ஒரு பண்டத்திற்குச் சிபாரிசு செய்த முதல் நிகழ்ச்சிகளில் ஒன்றாக இதனை விளம்பரத் தொழிலின் சரித்திரம் எழுதுவோர் குறிப்பது வழக்கம். அவருடைய உடலின் எடைக்கு ஈடாக, ஒரு பவுண்டுக்கு ஒரு பவுனாகக் கணக்கிட்டுக் கொடுத்தார்கள் என்று ஒரு கதை நெடுங்காலம் உலவியது. நம் ஊர்க் கோயில்களில் பக்தன் தன் எடைக்குத் தெய்வத்திற்குத் துலாபாரம் செலுத்துவான். இங்கே தட்டில் ஏறி அமர்ந்தது பக்தனல்ல, மூர்த்தி.

பரிகசித்தவர்களும் இல்லாமலில்லை. 1884-இல் ‘பஞ்ச்’ என்ற ஹாஸ்யப் பத்திரிகையில் ஹாரி பர்னிஸ், பரட்டைத் தலையும் கந்தல் உடையுமாய் ஒரு நாடோடி உட்கார்ந்துகொண்டு, இரண்டு வருஷத்திற்கு முன் உங்கள் சோப்பை உபயோகித்தேன், அதற்குப் பிறகு வேறு எதையும் தொட்டதில்லை என்று நற்சாட்சிப் பத்திரம் எழுதுவதாகச் சித்திரம் போட்டார். பாரட் கோபித்துக்கொள்ளவில்லை, அந்தக் கேலிச் சித்திரத்தையே தம்முடைய விளம்பரமாகவும் ஆக்கிக்கொண்டார். பிற்பாடு, 1917-இல், பேர்ஸ் கம்பெனி லீவர் சகோதரர்களின் கைக்குப் போயிற்று. அந்த லீவர் கம்பெனிதான் லக்ஸ் சோப்பை வெளியிட்டு, அதனை நட்சத்திரங்களின் சோப்பு என்று உலகமெங்கும் பறைசாற்றி, 1941-இல் லீலா சிட்னிஸ் என்ற பம்பாய் நடிகையைக் கொண்டு இந்தியாவிலும் அந்த வழக்கத்தைத் தொடங்கி வைத்தது. சினிமாப் பத்திரிகைகளின் பின்னட்டையில் லக்ஸ் கட்டியைக் கன்னத்தருகே பிடித்துக்கொண்டு நம் நடிகைகள் சிரித்த சிரிப்புக்கெல்லாம் பாட்டி முறையானது ஜெர்ஸித் தீவுப் பெண்ணின் அந்தக் கையொப்பம்.

அமெரிக்காவில் பிரெட்டி கெப்ஹார்ட் என்ற இளம் செல்வந்தர் அவருடைய சிநேகிதராக இருந்தார். ஊர் ஊராய்ப் பயணம் செய்வதற்கென்று ‘லாலி’ என்ற பெயரில் அரண்மனை போன்ற தனி ரெயில் வண்டி ஒன்று கெப்ஹார்ட்டின் பரிசாக வந்தது. இத்தகைய பரிசுகளை மறைத்து, அம்மையாரின் ஐசுவரியம் முழுவதும் நடிப்பின் வேர்வையால் விளைந்தது என்று எழுதினால் அது சரித்திரமாகாது. ஆனால் பரிசாக வந்ததை விழுங்கித் தீர்க்காமல் நிலமாகவும் குதிரையாகவும் அவர் மாற்றிக்கொண்ட விதமே கவனிக்கத்தக்கது. 1888-இல் கலிபோர்னியாவின் லேக் பகுதியில், ரெயில் பாதை எட்டாத குவெனாக் பள்ளத்தாக்கில், ஏறத்தாழ 4,200 ஏக்கர் நிலம் வாங்கினார். திராட்சை பயிரிட்டு, போர்தோவிலிருந்து ஹென்றி தெஷெல் என்ற பிரெஞ்சுக்காரரை வரவழைத்து, மது வடிக்க ஏற்பாடு செய்தார்; புட்டியின் மேல் ஒட்டும் சீட்டில் தம் உருவத்தையே அச்சிடத் தீர்மானித்தார். சோப்பு பிறருடைய பண்டம், இவர் முகம் அதற்கு வாடகைக்குப் போயிற்று. இங்கேயோ நிலம், பழம், புட்டி, முகம் நான்கும் ஒருவருடையவை. அதே வருஷம் கெப்ஹார்ட்டின் பந்தயக் குதிரைகளை அங்கே கொண்டுசெல்லப் புறப்பட்ட ரெயில் பென்ஸில்வேனியாவில் விபத்துக்குள்ளாகி, பெரும்பாலான குதிரைகள் மாண்டன. நாடகச் சுற்றுப்பயணங்களுக்கு நடுவே அம்மையார் அந்தப் பண்ணையில் தங்கிய நாட்கள் மிகவும் சொற்பம். எஜமானி பாராத பண்ணை எங்கும் ஒன்றுபோலத்தான் நடக்கும். 1906-இல் அதை விற்றுவிட்டார்.

குதிரைப் பந்தயம் அவருக்கு இதனினும் கைகொடுத்தது. 1892-இல் ஜார்ஜ் பேர்டு என்ற செல்வந்தர் பரிசளித்த ஒரு குதிரையில் தொடங்கிய லாயம் அது. சொந்தப் பெயரில் பந்தயக் குதிரை ஓட்டுவது பெண்களுக்கு வழக்கமில்லாத காலமாதலால், ‘மிஸ்டர் ஜெர்ஸி’ என்ற ஆண் பெயரைச் சூடிக்கொண்டார். முகத்தால் பிழைத்தவர் முகத்தை மறைத்துக்கொண்டு ஜெயித்த ஒரே துறை இது. ஆஸ்திரேலியாவிலிருந்து வாங்கிய மெர்மன் என்ற குதிரை 1897-இல் ஸெஸரவிட்ச், 1899-இல் குட்வுட் கோப்பை, 1900-இல் ஆஸ்காட் தங்கக் கோப்பை ஆகியவற்றை வென்றது. அந்த 1897-ஆம் வருஷந்தான் அம்மையார் அமெரிக்கக் குடியுரிமை பெற்று, கலிபோர்னியாவில் விவாகரத்தும் பெற்றது. மெர்மன் வென்ற அதே அக்டோபரில், எட்வர்ட் லாங்ட்ரி செஸ்டர் நகரத்துச் சித்தசுவாதீனமற்றோர் விடுதியில் இறந்துபோனார். 1899-இல் லில்லி, தம்மைவிடப் பதினெட்டு வயது இளையவரான ஹியூகோ டி பாத்தை மணந்துகொண்டார். 1907-இல் கணவருக்குப் பட்டம் வர, லில்லி சீமாட்டியானார்.

இடையே வெஸ்ட்மின்ஸ்டரில் இம்பீரியல் தியேட்டரைக் குத்தகைக்கு எடுத்து, சலவைக்கல்லும் தங்க முலாமுமாகப் புதுப்பித்து, 1901-இல் திறந்தார். அது நிலைக்கவில்லை, அந்த வளாகம் மெதடிஸ்ட் சபையாரின் வசமாகி, அவர்களுடைய பெரிய ஜெபமண்டபம் அங்கே எழுந்தது. குருவின் மகள் கூத்து மேடைக்கு வந்தார், கூத்து மேடை குருமார்களிடம் போயிற்று.

லாபத்தை மட்டும் எழுதிச் செலவை எழுதாவிட்டால் கணக்குப் பொய்யாகும். தாயை அத்தை என்று அழைத்து வளர்ந்த மகள், தன் தகப்பன் யார் என்ற உண்மையைப் பிறர் வாயால் கேள்விப்பட்ட பிறகு தாயோடு பழைய உறவு கொள்ளவேயில்லை. வேறொரு கோடியில், டெக்ஸாஸ் பாலைவனத்து ஊர் ஒன்றில், ராய் பீன் என்ற வினோத நீதிபதி, கண்ணாலும் பாராத அந்த நடிகையை உபாசித்து, தம் மதுக்கடைக்கு ‘ஜெர்ஸி லில்லி’ என்று பெயரிட்டு, அங்கேயே நீதிமன்றமும் நடத்திக்கொண்டிருந்தார். 1904-இல் அம்மையார் அவ்வூரில் ரெயிலிலிருந்து இறங்கியபோது பீன் இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. அவருடைய கைத்துப்பாக்கியை ஊரார் காணிக்கையாகக் கொடுத்தார்கள்.

1913-இல் ஊமைப்படம் ஒன்றிலும் நடித்து, 1925-இல் சுயசரிதை எழுதி, மொனாக்கோவில் வாழ்ந்து, 1929 பிப்ரவரி 12-ஆம் தேதி காலமான அவரைத் தந்தையார் குருவாக இருந்த செயின்ட் ஸேவியர் ஆலயத்தின் மயானத்தில் அடக்கம் செய்தார்கள். குவெனாக் பள்ளத்தாக்கை 1963-இல் மகூன் என்ற குடும்பத்தார் பெற்று, மறுபடியும் திராட்சைக் கொடி நட்டு மது வடித்தார்கள். புட்டிக்கு அடையாளமாக அவர்கள் தேர்ந்தெடுத்து ஒட்டியது, லண்டன் ஜன்னல்களில் ஒரு காலத்தில் விலை போன அதே லில்லி லாங்ட்ரியின் முகம்.