சிறுவர் அறிவியல் நூல்கள்

சிறுவர் அறிவியல் நூல்கள் என்பவை அறிவியலையும் இயற்கையையும் குழந்தைகளுக்குப் புரியும் நடையில் அறிமுகப்படுத்தும் புனைவல்லாத நூல்கள். பாடநூல் தேர்வுக்காகப் படிக்கப்படுவது. இவையோ குழந்தை தானே விரும்பி எடுத்துப் படிப்பதற்காக எழுதப்படுபவை. விலங்குகள், தாவரங்கள், வானியல், இயந்திரங்கள், மனித உடல், எளிய சோதனைகள் ஆகியன இவற்றின் முதன்மையான பொருள்கள். ஐரோப்பாவில் 17ஆம் நூற்றாண்டின் நடுவில் உருப்பெற்ற இவ்வகையில் இரண்டு போக்குகள் இன்றுவரை தொடர்கின்றன. ஒன்று, அறிந்தவர் சொல்லக் குழந்தை கேட்டுக்கொள்வது. மற்றது, குழந்தையே பார்த்தும் செய்தும் கண்டுகொள்ள நூல் துணைநிற்பது. அச்சுத் தொழில்நுட்பமும் கல்விக் கொள்கையும் அரசியலும் மாற மாற, இவற்றுள் ஒன்றோ மற்றதோ மேலோங்கி வந்திருக்கிறது.

தோற்றம்

மொராவியாவைச் சேர்ந்த கல்வியாளர் யான் அமோஸ் கொமேனியஸ் 1658இல் நியூரம்பர்க் நகரில் வெளியிட்ட 'ஓர்பிஸ் சென்சுவாலியம் பிக்டுஸ்' இவ்வகைக்கு முன்னோடி. புலன்களுக்குத் தெரியும் உலகைப் படத்தில் காட்டுவது இதன் நோக்கம். 150 பாடங்களில் நெருப்பு, காற்று, நீர், பறவைகள், பூச்சிகள், தேனெடுத்தல், ரொட்டி சுடுதல் என்று உலகம் வரிசைப்படுத்தப்பட்டிருந்தது. பாடத்தின் தலைப்பில் ஒரு மரச்செதுக்குப் படம். கீழே ஒருபுறம் லத்தீன், மறுபுறம் ஜெர்மன். படத்தில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் எண் இடப்பட்டிருந்தது; அதே எண் உரையில் அப்பொருளின் பெயருக்கு அருகிலும் இருந்தது. குழந்தை விரல் வைத்துப் பார்த்துப் பெயரைக் கண்டுபிடிக்கலாம். எழுத்துகளும் விலங்கொலிகளின் வழியே கற்பிக்கப்பட்டன: காகம் கரைவதிலிருந்து ஓர் எழுத்து, ஆட்டுக்குட்டி கத்துவதிலிருந்து இன்னோர் எழுத்து. அடுத்த ஆண்டே ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தது. படமும் எண்ணும் விளக்கமும் சேர்ந்த அந்தப் பக்க அமைப்பு இன்றைய படக் கலைக்களஞ்சியங்களிலும் வழங்குகிறது.

ஒரு நூற்றாண்டுக்குப் பின், லண்டன் பதிப்பாளர் ஜான் நியூபெரி 1761இல் நியூட்டனின் இயற்பியலைச் சிறுவர்களுக்கு விளக்கும் நூலொன்றை வெளியிட்டார். டாம் டெலஸ்கோப் என்ற சிறுவன் தன் வயதுத் தோழர்களுக்கு ஆறு விரிவுரைகள் ஆற்றுவதாக அதை அமைத்திருந்தார்கள். பம்பரமும் பந்தும் இயக்க விதிகளுக்கு எடுத்துக்காட்டுகள் ஆயின. இந்நூலை எழுதியவர் நியூபெரிதானா வேறொருவரா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. சிறுவர்களுக்கென்றே புத்தகம் அச்சிட்டு விற்பது தனித் தொழிலாக நிலைபெற்றதில் நியூபெரிக்குப் பெரும் பங்குண்டு. அந்தத் தொழிலின் தொடக்கத்திலேயே அறிவியலும் இடம்பெற்றுவிட்டது.

உரையாடலும் விரிவுரையும்

18ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் உரையாடல் வடிவமே செல்வாக்குடன் விளங்கியது. ஜேன் மார்செட் தம் பெயரை வெளியிடாமல் எழுதிய வேதியியல் உரையாடல்கள் 1806இல் வந்தன. திருமதி பி. என்ற ஆசிரியை எமிலி, கரோலின் என்னும் இரு மாணவியருக்குப் பாடம் சொல்கிறார். எமிலி பொறுமையாகக் கேட்பாள். கரோலின் இடைமறித்து மறுத்துப் பேசுவாள். பெண்கள் பல்கலைக்கழகத்துக்குப் போக முடியாத காலத்தில், அறிவியலைக் கற்பிக்கும் பாத்திரமாகவே ஒரு பெண் நூலுக்குள் வந்தார். புத்தகம் கட்டும் கடையில் பயிற்சிப் பணியாளராக இருந்த மைக்கேல் பாரடே இந்நூலைப் படித்துத்தான் வேதியியலில் நாட்டம் கொண்டார்.

அதே பாரடே பின்னாளில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் சிறுவர்களுக்கான கிறிஸ்துமஸ் விரிவுரைகளை நிகழ்த்தினார். 1825இல் தொடங்கிய அவ்வரிசையில் 1827க்கும் 1860க்கும் இடையே 19 முறை அவரே பேசினார். மெழுகுவர்த்தியைப் பற்றிய ஆறு உரைகளை வில்லியம் குரூக்ஸ் தொகுத்து 1861இல் நூலாக்கினார். எரியும் மெழுகுவர்த்தியின் சுடருக்குள், திரியை ஒட்டிய கருமையான பகுதியில் வளைந்த கண்ணாடிக் குழாயின் ஒரு முனையைப் பாரடே வைப்பார். மறுமுனை வழியாக ஆவி வெளிவரும். அதில் நெருப்பு வைத்தால் அங்கே இன்னொரு சுடர் பற்றிக்கொள்ளும். எரிவது திடமெழுகு அன்று, மெழுகின் ஆவி என்பதைக் கேட்பவர் தம் கண்ணாலேயே பார்த்துவிடுவார். அங்கிருந்து காற்று, நீர், கரியமிலவாயு என்று நகரும் உரைகள் கடைசியில் மனிதரின் சுவாசத்தில் முடிகின்றன. பேசுபவர் அறிஞரே ஆனாலும், சோதனை எவரும் தம் வீட்டில் செய்துபார்க்கக்கூடியது. இரண்டு போக்குகளும் இந்நூலில் ஒன்றாகக் கூடின.

புவியியலாளர் சார்லஸ் லயலின் செயலராக இருந்த அரபெல்லா பக்லி, 1879இல் வெளியிட்ட நூலில் வேறு வழியைக் கையாண்டார். ஒளி, வெப்பம், ஈர்ப்பு முதலிய கண்ணுக்குத் தெரியாத ஆற்றல்களைத் தேவதைக் கதைகளின் மாயசக்திகளுக்கு இணையாக வைத்து விளக்கினார். விக்டோரியா காலத்துச் சிறுவர் அறிவியல் எழுத்தில் இந்த உத்தி பெருவழக்காயிற்று.

இயற்கையை நேரில் பார்த்தல்

பிரான்சில் ழான் ஆன்றி ஃபாப்ர் பள்ளிச் சிறுவர்களுக்காகப் பல அறிவியல் நூல்களை எழுதி அந்த வருவாயில் வாழ்ந்தார். பெண்களுக்கு நடத்திய வகுப்பில் தாவரக் கருவுறுதலை விளக்கினார் என்று எதிர்ப்பு கிளம்பியபின் ஆசிரியப் பணியை விட்டவர் அவர். 1879 முதல் 1907 வரை பத்துத் தொகுதிகளாக வந்த அவரது பூச்சியியல் குறிப்புகள் சிறுவருக்கென்று எழுதப்பட்டவை அல்ல. ஆயினும் அவற்றிலிருந்து தொகுக்கப்பட்ட சாணவண்டு, குளவி, கும்பிடுபூச்சிக் கட்டுரைகள் பல மொழிகளில் சிறுவர் நூல்களாயின. ஒரு பூச்சியின் அருகே நாள்முழுதும் உட்கார்ந்து பார்த்து, பார்த்ததை வரிசையாகச் சொல்லும் எழுத்துமுறைக்கு அவரே முன்மாதிரி.

அமெரிக்காவில் 1890களில் வேளாண்மை நலிந்து கிராமத்து இளைஞர்கள் நகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர். மண்ணின்மீது பற்று வளர்க்கும் நோக்கில் நியூயார்க் மாநிலத்துக் கிராமப் பள்ளிகளில் இயற்கைக் கல்வி இயக்கம் பரவியது. கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அன்னா பாட்ஸ்ஃபோர்ட் காம்ஸ்டாக் 1911இல் வெளியிட்ட கையேடு இதன் பெரும் பயன். ஆசிரியர்களுக்கான இந்நூலில் ஒவ்வோர் உயிரினத்துக்கும் வினாக்கள் தரப்பட்டுள்ளன. விடையைப் பிள்ளைகள் நேரில் பார்த்தே கண்டறிய வேண்டும்.

சோவியத் நூல்கள்

யாக்கோவ் பெரெல்மானின் 'பொழுதுபோக்கு பௌதிகம்' 1913இல் ரஷ்யாவில் வெளிவந்தது. தெரியாததைப் புதிதாகச் சொல்வதைவிட, தெரிந்தது என்று நினைப்பதைக் கேள்விக்குள்ளாக்குவதே அவரது முறை. எச். ஜி. வெல்ஸின் கண்ணுக்குத் தெரியாத மனிதன் உண்மையில் குருடனாகத்தான் இருப்பான் என்று அவர் காட்டுவார். விழித்திரையும் ஒளியைத் தன் வழியே விட்டுவிட்டால் அதில் பிம்பம் விழாது அல்லவா? புகழ்பெற்ற புதினங்களை எடுத்துக்கொண்டு இப்படிக் கணக்குப் போட்டுப் பார்ப்பது இளைஞர்களை ஈர்த்தது. 1942இல் லெனின்கிராடு முற்றுகையின்போது பெரெல்மான் இறந்தார்.

1920களின் இறுதியில் விட்டாலி பியான்கி காட்டு நிகழ்ச்சிகளை ஆண்டு முழுவதும் வெளிவரும் செய்தித்தாளாக அமைத்துக் 'காட்டுச் செய்தித்தாள்' எழுதினார். எம். இல்யின் தம் 'நூறாயிரம் ஏன்' நூலில் வீட்டு அறைக்குள்ளேயே ஒரு பயணம் போனார்: தண்ணீர்க் குழாய், அடுப்பு, சாப்பாட்டு மேசை, அலமாரி எனத் தங்குமிடங்கள். அந்தத் தலைப்பைத் தாங்கி 1961இல் ஷாங்காயில் தொடங்கிய சீன நூல்வரிசை அந்நாட்டுக் குழந்தைகள் மிகுதியாகப் படித்த அறிவியல் தொகுதிகளுள் ஒன்றாயிற்று.

மாஸ்கோவின் மீர், ராதுகா போன்ற பதிப்பகங்கள் அறிவியல், சிறுவர் நூல்களை இந்திய மொழிகளிலும் அச்சிட்டன. தமிழ் மொழிபெயர்ப்புகள் நியூ செஞ்சுரி புத்தக நிறுவனத்தின் கடைகள், கண்காட்சிகள் வழியாகச் சிற்றூர்கள் வரை வந்தன. கெட்டி அட்டை, வண்ணப் படம், மிகக் குறைந்த விலை என்பதால் நடுத்தரக் குடும்பங்களும் வாங்க முடிந்தது. 1991இல் சோவியத் ஒன்றியம் சிதைந்தபோது இந்த வரத்து நின்றது.

படமும் விலையும்

இரண்டாம் உலகப்போர்க் காலக் காகிதத் தட்டுப்பாட்டில் பிரிட்டனின் லேடிபேர்ட் நிறுவனம் ஒரே பெருந்தாளை மடித்து 56 பக்க நூலாக்கும் முறையைக் கைக்கொண்டது. இதனால் பல ஆண்டுகள் இரண்டரை ஷில்லிங் என்ற ஒரே விலையில் விற்க முடிந்தது. 1959 முதல் வந்த நான்கு பருவகால நூல்களுக்குப் பறவை ஓவியர் சார்லஸ் டன்னிக்லிஃப் வரைந்தார். அமெரிக்காவில் 1949இல் பறவைகளைப் பற்றிய நூலுடன் ஹெர்பர்ட் ஜிம்மின் கோல்டன் கையேடுகள் தொடங்கின; சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே போகத்தக்க அளவு.

1957இல் சோவியத் ஒன்றியத்தின் ஸ்புட்னிக் செயற்கைக்கோள் ஏவப்பட்டதும் அமெரிக்கக் கல்வி உலகம் பதறியது. மறு ஆண்டு நிறைவேறிய தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் பள்ளிகளின் அறிவியல் கருவிகளுக்கும் நூல்களுக்கும் நிதி ஒதுக்கியது. 1960இல் ஹேடன் கோளரங்கத்தைச் சேர்ந்த ஃபிராங்ளின் பிரான்லி தொடங்கிய நூல்வரிசை, ஒரு நூலில் ஒரே கருத்து என்ற வரம்புடன் தொடக்கப்பள்ளி வயதினருக்கும் அறிவியலைக் கொண்டுசென்றது.

1988இல் லண்டனின் டார்லிங் கிண்டர்ஸ்லி நிறுவனம் ஐவிட்னஸ் வரிசையை வெளியிட்டது. வெள்ளைப் பின்னணியில் பொருளின் துல்லியமான நிழற்படம், சுற்றிலும் சிறுசிறு குறிப்புகள் என்பது அதன் அமைப்பு. வண்ணத் தகடுகளை மாற்றாமல் எழுத்துக்குரிய கறுப்புத் தகட்டை மட்டும் மாற்றிப் பல மொழிப் பதிப்புகளை ஒருசேர அச்சிட முடிந்ததால் செலவு குறைந்தது. ஆனால் ஒரே படம் எல்லா நாட்டுக்கும் போனபோது, அந்தந்த ஊர்ப் பறவைக்கும் மரத்துக்கும் பக்கத்தில் இடம் குறைந்தது.

இந்தியாவில்

வங்காளத்தில் உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரி 1913இல் 'சந்தேஷ்' சிறுவர் இதழைத் தொடங்கினார். அச்சுப்பட நுட்பத்தில் வல்லுநர் என்பதால் அறிவியல் கட்டுரைகளுக்குத் தரமான படங்களை அவரால் சேர்க்க முடிந்தது. அவர் மகன் சுகுமார் ராயும் சிறுவருக்கு அறிவியல் எழுதினார். இரவீந்திரநாத் தாகூர் 1937இல் 'விஸ்வ பரிசய்' என்னும் அறிவியல் அறிமுக நூலை எழுதி, இயற்பியலாளர் சத்யேந்திரநாத் போஸுக்குக் காணிக்கையாக்கினார். 1957இல் நேஷனல் புக் டிரஸ்டும், கேலிச்சித்திரக்காரர் சங்கரின் சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்டும் நிறுவப்பட்டன.

அடுத்த திருப்பம் மக்கள் அறிவியல் இயக்கங்களால் வந்தது. 1962இல் உருவான கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் 1970இல் 'யுரேகா' சிறுவர் இதழைத் தொடங்கியது. மத்தியப் பிரதேசத்தில் 1972இல் தொடங்கிய ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டம் கிராமப் பள்ளிப் பிள்ளைகளைச் சோதனை செய்யவைத்தது. அதில் பங்கேற்ற பொறியாளர் அரவிந்த் குப்தாவின் தீக்குச்சி மாதிரிகள் நூலை 1987இல் ஏகலவ்யா என்னும் கல்வி அமைப்பு வெளியிட்டது. சைக்கிள் வால்வு டியூபைத் துண்டாக்கி அதில் தீக்குச்சிகளைச் செருகினால் இணைப்புகள் கிடைக்கும். மூன்று குச்சிகளைக் கோத்த முக்கோணம் அழுத்தினாலும் உருக்குலையாது. நான்கு குச்சிச் சதுரம் தொட்டவுடன் சாயும். பாலத்திலும் கூரைச் சட்டத்திலும் முக்கோணங்கள் இருப்பதற்குக் காரணம் பிள்ளையின் கையிலேயே விளங்கிவிடுகிறது. காசில்லாத பள்ளியிலும் செய்துபார்க்க முடிந்ததால் நூல் பல இந்திய மொழிகளுக்குப் பரவியது.

தமிழில்

வழக்கறிஞரான பெ. நா. அப்புசாமி (1891–1986) 1917 முதல் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் தமிழில் அறிவியல் எழுதினார். 'அற்புத உலகம்', 'மின்சாரத்தின் விந்தை' முதலியன அவருடைய நூல்கள். பழந்தமிழ் இலக்கியப் பயிற்சி அவர் நடைக்குத் தெளிவு தந்தது.

1946இல் தி. சு. அவினாசிலிங்கம் தோற்றுவித்த தமிழ் வளர்ச்சிக் கழகம், பெரியசாமித் தூரனை முதன்மைப் பதிப்பாசிரியராகக் கொண்டு முதலில் பொதுக் கலைக்களஞ்சியத்தையும், பின்னர் 1968 முதல் 1976 வரை பத்துத் தொகுதிகளில் 'குழந்தைகள் கலைக்களஞ்சிய'த்தையும் வெளியிட்டது. அகரவரிசையில் விலங்குகளும் தாவரங்களும் கருவிகளும் அறிஞர்களும் இடம்பெற்ற இத்தொகுதிகள் பள்ளி நூலகங்களில் சிறுவர்களின் முதல் அறிவியல் வாசிப்பாக அமைந்தன. கல்வி கோபாலகிருஷ்ணன் 'பண்டை உலகில் பறக்கும் பாப்பா' போன்ற நூல்களில் கதைப்போக்கிலேயே அறிவியலைச் சொன்னார்.

1980இல் உருவான தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987இல் 'துளிர்' மாத இதழைத் தொடங்கியது. சோதனைகள், புதிர்கள், வானியல், சுற்றுச்சூழல் என அதன் பக்கங்கள் ஆசிரியர்களுக்கும் பயன்பட்டன. ஆயிஷா இரா. நடராசனின் 'விஞ்ஞான விக்கிரமாதித்தன் கதைகள்' 2014இல் சாகித்ய அகாதெமியின் பால சாகித்ய புரஸ்கார் பெற்றது. சென்னையில் 1996 முதல் இயங்கும் தூலிகா, பெங்களூரின் பிரதம் புக்ஸ் ஆகியவை தமிழிலும் படப் புத்தகங்கள் வெளியிடுகின்றன. பிரதம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் நூல்களைக் கட்டணமின்றிப் படிக்கலாம், எவரும் மொழிபெயர்க்கலாம்.

விவாதங்கள்

கதைக்குள் அறிவியலைப் பொதிந்தால் குழந்தை எதை உண்மையென்று கொள்ளும் என்ற கேள்வி அரபெல்லா பக்லியின் காலத்திலிருந்தே உண்டு. ஜோனா கோலும் புரூஸ் டீகனும் 1986இல் தொடங்கிய 'மேஜிக் ஸ்கூல் பஸ்' நூல்களில் பள்ளிப் பேருந்து நீர்க்குழாய்க்குள்ளும் மனித உடலுக்குள்ளும் நுழைகிறது. இன்னின்னவை நடக்க முடியாதவை என்று நூலின் இறுதியில் ஆசிரியரே பட்டியலிட்டுவிடுகிறார். கற்பனைக்கும் தகவலுக்கும் இடையிலான எல்லையைச் சொல்லிவிட்டால் போதும் என்ற நிலைப்பாடு இதன்பின் பரவலாக ஏற்கப்பட்டது.

காலாவதியாவது மற்றொரு சிக்கல். 1996இல் சீனாவில் இறகுச் சுவடுகளுடன் டைனோசர் புதைபடிவம் வெளிப்பட்டதும், 2006இல் புளூட்டோ கோள் வரிசையிலிருந்து விலக்கப்பட்டதும் எண்ணற்ற சிறுவர் நூல்களைத் திருத்தவேண்டிய நிலைக்குத் தள்ளின. தகவலைத் தொகுத்துத் தருவதையே நோக்கமாகக் கொண்ட நூல்களை இது கடுமையாகத் தாக்குகிறது. சரிபார்க்கும் வழியைக் கற்றுத்தரும் நூல்கள் அவ்வளவு எளிதில் பழசாவதில்லை. பாரடேயும் பெரெல்மானும் இன்னும் மறுபதிப்பு காண்பது இதனால்தான்.