பாய்மரப் படகுகளில் சுழலித் தடையும் காவிரிக் கழிமுகக் கரையும்

பாய் விரித்து ஓடும் படகில் எஞ்சினும் இருந்தால், எஞ்சின் நின்றிருக்கும் நேரத்தில் அதன் உந்துசுழலி (புரொப்பெல்லர்) நீரில் தொங்கிப் படகைப் பின்னுக்கு இழுக்கும். இதுவே சுழலித் தடை எனப்படுகிறது. நீர்த்தடை வேகத்தின் இருமடியாக ஏறும். நான்கு நாட் வேகத்தில் ஓடும் படகு ஐந்து நாட்டை எட்டும்போது சுழலியின் தடை பாதிக்கும் மேல் கூடிவிடும். காற்று குறைவான நாளில் இந்த இழப்பு கண்கூடாகத் தெரியும்.

இச்சிக்கல் நீராவிக் கப்பல் காலத்திலேயே எழுந்தது. 1860இல் நீரில் இறக்கப்பட்ட பிரித்தானியக் கடற்படைக் கப்பல் 'வாரியர்' இரண்டு இதழ்ச் சுழலி கொண்டது. பாயில் ஓடும்போது அச்சுழலியைப் பின்புறக் கிணறு வழியே மேலே தூக்கிவிடுவார்கள். பல டன் எடையுள்ள அதைத் தூக்க நூற்றுக்கணக்கான மாலுமிகள் கயிறு பிடிக்க வேண்டியிருந்தது. புகைபோக்கியும் உள்ளே இறங்கும்படி அமைந்திருந்தது. கப்பலின் நீர்த்தடையைச் சிறிய மாதிரிகளைத் தொட்டியில் இழுத்து அளக்கும் முறையை வில்லியம் ஃப்ரூட் 1872இல் இங்கிலாந்தின் டார்க்கீயில் நிலைநாட்டினார்.

சிறு படகுகளுக்கு வந்த தீர்வு மடங்கும் சுழலி. எஞ்சின் நின்றதும் நீரின் அழுத்தத்தில் இதழ்கள் மொட்டுப்போலக் கூம்பும். தண்டு சுழலும்போது மையவிலக்கால் விரியும். பின்னோக்கிச் செல்லும்போது தள்ளுதிறன் குறைவு என்பது இதன் குறை. மடங்காத சுழலியைப் பூட்டி வைப்பதா, சுழலவிடுவதா என்ற வாதம் படகோட்டிகளிடையே நெடுநாள் நீடித்தது. ஸ்காட்லாந்தின் ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மெக்கன்சியும் ஃபாரஸ்டரும் 2008இல் வெளியிட்ட ஆய்வு, தங்குதடையின்றிச் சுழலவிட்டால் தடை குறையும் என்று காட்டியது. தண்டில் உராய்வு மிகுந்தால் அந்த ஆதாயம் கரைந்துவிடும்.

தஞ்சைக் கரையின் நிலை வேறு. 1991 வரை நாகப்பட்டினமும் வேதாரண்யமும் தஞ்சாவூர் மாவட்டத்துக்குள்ளேயே இருந்தன. கோடியக்கரைக்கு வடக்கே திறந்த கடலும் அலையும், அங்கே கட்டுமரம். மேற்கே முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம் பக்கம் ஆழமற்ற சேற்றுக் கடல்; அங்கே வத்தை. சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் 1920இல் வெளியான இந்தியப் படகுகள் பற்றிய நூலில், பாக்கு நீரிணைப் பகுதியின் மூன்று பாய்மரப் படகுகளை விரிவாக எழுதியுள்ளார். படகின் குறுக்கே நீட்டிய பலகையில், காற்றடிக்கும் பக்கம் ஆட்கள் ஏறி உட்கார்ந்து எடை கொடுத்துக் கவிழாமல் காப்பார்கள். வாடைக்கும் சோழகத்துக்கும் ஏற்ப பலகையின் பக்கம் மாறும். சுழலியே இல்லாத அக்காலத்தில் சுழலித் தடை என்ற பேச்சுக்கே இடமில்லை.

எஞ்சின் வந்தபின் மடங்கும் சுழலி இக்கரைக்குப் பொருந்தவில்லை. விலை ஒரு காரணம். வெதுவெதுப்பான கடலில் கீல்களில் கொட்டலசு ஒட்டிக்கொள்ளும், சேறும் மணலும் புகும், வலைநூல் சிக்கும். ஒரு இதழ் விரிந்து மற்றது விரியாவிட்டால் தண்டே அதிரும். ஆகவே சுழலியை மடக்குவதைவிடத் தூக்குவதே இங்கு நடைமுறைக்கு ஏற்ற வழி.

1979இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய உணவு வேளாண்மை நிறுவனத்தின் வங்காள விரிகுடாத் திட்டம் இவ்வழியில் சென்றது. அதன் படகு வடிவமைப்பாளர் ஓய்விண்ட் குல்பிராண்ட்சன் கரையேறும் படகுகளுக்காக, எஞ்சின், தண்டு, சுழலி மூன்றும் ஒன்றாகச் சாய்ந்து உயரும் அமைப்பை உருவாக்கினார். அலையடிக்கும் கரையில் சுழலி உடையாமல் படகை ஏற்றுவதே முதல் நோக்கம். பாயில் ஓடும்போது தடை நீங்குவது கூடவே கிடைத்த பயன். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின் எரிபொருட் செலவு பெரும் கவலையாக இருந்ததால், சிறு படகுகளில் எரிபொருள் மிச்சப்படுத்துவது பற்றியும் அவர் தனியே எழுதினார்.

பின்னர் பரவிய நீண்ட வால் மோட்டார் இன்னும் எளிமையானது. பின்பக்கத்தில் அமர்ந்த எஞ்சினின் கைப்பிடியை அழுத்தினால் நீண்ட தண்டும் சுழலியும் நீருக்கு மேலே எழும்பிவிடும். சுழலித் தடை முழுதாகப் போயிற்று. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை நாகப்பட்டினத்தைத் தமிழகத்திலேயே கடுமையாகத் தாக்கியது. நிவாரணமாக வந்த ஃபைபர் படகுகளோடு மோட்டாரும் பெருகியது. தடை தீர்ந்த அதே வேளையில், பாய் பெரும்பாலும் கரையிலேயே தங்கிவிட்டது என்பது இவ்வரலாற்றின் வேடிக்கை.

இது வெறும் எரிபொருட் கணக்கு மட்டுமன்று. 1974 உடன்படிக்கையால் பாக்கு நீரிணையில் இந்திய-இலங்கைக் கடல் எல்லை வரையறுக்கப்பட்டது. கடலில் எஞ்சின் பழுதானால், பாய் உள்ள படகு காற்றைப் பிடித்து ஏதேனும் ஒரு கரையை நோக்கித் திரும்பலாம். பாய் இல்லாத படகு நீரோட்டம் போகும் பக்கம் போகும். எல்லைக்கு அப்பால் ஒதுங்கினால் படகும் வலையும் பறிபோகும், ஆட்கள் சிறைப்படவும் நேரும். ஒரு பாயும் மரமும் படகில் பிடிக்கும் இடம் சிறிது. சுழலியைத் தூக்கிவிட்டால் அந்தச் சிறிய பாயே படகை நகர்த்தப் போதும்.