சாரதியைத் திருத்திய சாலை

ஒல்லாந்தர் என்றதும் நமக்கு யாழ்ப்பாணக் கோட்டையும் காலிக் கோட்டையும் நினைவுக்கு வருகின்றன. இன்று நாம் ஆராயப் புகுவது அவர்கள் கட்டிய கோட்டைகளையன்று. அவர்களுடைய தாயகமாகிய நெதர்லாந்தின் தெருக்களை. அங்கே மோட்டார்ச் சாரதிகள் துவிச்சக்கர வண்டிக்காரருக்கு வழிவிட்டுச் செல்வது சாதாரண வழக்கம். அங்கு சென்று மீளும் பிரயாணிகள், இஃது அம்மக்களின் பிறவிக்குணம் என்று வியப்பதுண்டு. வரலாறோ வேறு விதமாகக் கூறுகின்றது.

இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் நெதர்லாந்தின் தெருக்களில் துவிச்சக்கர வண்டியே ஆட்சி செலுத்திற்று. போருக்குப் பின் செல்வம் பெருகியது, கார்களும் பெருகின. அவற்றுக்கு இடந்தேடி வீதிகள் அகலமாக்கப்பட்டன; பழைய கட்டடங்கள் இடிக்கப்பட்டன. வீதி அகல அகல வேகமும் வளர்ந்தது. 1971ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 3,300 பேர் வீதி விபத்துக்களில் மாண்டனர். அவர்களுள் 400க்கும் மேற்பட்டோர் சிறுவர்.

அவ்வாண்டிலே, விக் லாங்கன்ஹோவ் என்னும் பத்திரிகையாளரின் ஆறு வயது மகள், சைக்கிளில் பள்ளிக்குச் செல்லும் வழியில் கார் மோதி இறந்தாள். மறு ஆண்டில் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பு, 'குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்' என்பது. பிறர் 'விபத்து' என்றதை அவர் 'கொலை' என்றார். அச்சொல் நாட்டை உலுக்கியது. அதனையே பெயராகக் கொண்டு பெற்றோர் ஓர் இயக்கம் தொடங்கினர். அம்ஸ்ரடாம் நகரின் டி பெய்ப் பகுதியிலே சிறுவர்களே தெருவை மறித்து, விளையாட இடம் கேட்டனர். 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது, அரசாங்கம் ஞாயிறுதோறும் கார்களை ஓட்டலாகாதெனத் தடை விதித்தது. பெருஞ்சாலைகளிலே மக்கள் சைக்கிளில் உலாவினர். காரில்லாத தெரு எத்தகையது என்பதை ஒரு தலைமுறை கண்ணாரக் கண்டது.

இனிச் சாரதிகளைத் திருத்துவது எவ்வாறு? அறிவுரை கூறுவதோடு அவர்கள் நின்றுவிடவில்லை, தெருவையே மாற்றினர். இதில் முன்னின்ற நகரங்களுள் ஒன்று டெல்ப்ட். நமது நெடுந்தீவுக்கு ஒல்லாந்தர் சூட்டிய பெயர் இந்நகரின் பெயரே. அங்கே குடியிருப்புத் தெருக்களில் நடைபாதைக்கும் வண்டிப்பாதைக்கும் இடையிலிருந்த வேறுபாடு நீக்கப்பட்டது. மரங்களும் வளைவுகளும் குறுக்கே அமைந்தன. விரைந்தோட்ட விரும்பினாலும் சாரதியால் இயலாது. இத்தகைய தெருக்களில் வண்டிகள் நடைவேகத்திலேயே செல்ல வேண்டும் என்று 1976இல் சட்டம் வகுக்கப்பட்டது. அப்பத்தாண்டிலேயே ரில்பேர்க், ஹேக் ஆகிய நகரங்களில் துவிச்சக்கர வண்டிகளுக்கெனத் தனிப்பாதைகள் அமைந்தன. 1980களில் மணிக்கு 30 கிலோமீற்றர் எல்லை கொண்ட பகுதிகள் தோன்றின.

இவ்வெல்லையின் காரணம் எளிய கணக்கே. ஆபத்தைக் கண்ட சாரதி பிறேக்கை அழுத்த ஒரு செக்கன் எடுத்தால், 50 கிலோமீற்றர் வேகத்தில் வரும் கார் அதற்குள் ஏறக்குறைய 14 மீற்றர் ஓடிவிடும். 30 கிலோமீற்றர் வேகத்தில் 8 மீற்றரே ஓடும். அந்த ஆறு மீற்றரில் ஒரு குழந்தையின் உயிர் தங்கியிருக்கலாம்.

சட்டமும் துணை நின்றது. 1994ஆம் ஆண்டு வீதிப் போக்குவரத்துச் சட்டத்தின் 185ஆம் பிரிவின்படி, தவிர்க்கவே இயலாத நிகழ்வு என்று நிறுவினாலன்றி, துவிச்சக்கர வண்டிக்காரர்மீதோ பாதசாரிமீதோ மோதிய மோட்டார் வண்டியின் சொந்தக்காரர் நட்டஈட்டுக்குப் பொறுப்பாவார். அடிபட்டவர் 14 வயதுக்குட்பட்ட சிறுவராயின், அவருடைய கவனக்குறைவைக் காட்டி அப்பொறுப்பைக் குறைக்க நீதிமன்றங்கள் இடங்கொடுப்பதில்லை. இது தண்டனை பற்றிய விதியன்று; பாரமான வண்டியைக் கொண்டு வருபவரே பெரிய பொறுப்பைச் சுமக்க வேண்டும் என்னும் நீதி.

2010ஆம் ஆண்டளவில், வண்டிகள் பன்மடங்கு பெருகியிருந்தும், வீதி மரணங்கள் ஆண்டுக்கு 700க்கும் கீழே இறங்கின. ஆயினும் பணி முற்றுப்பெறவில்லை. 2017இல் காரில் சென்று இறந்தோரைவிடத் துவிச்சக்கர வண்டியில் சென்று இறந்தோரின் தொகை மிகுந்தது. அவர்களுள் முதியோர் பலர்.

நேயர்களே, ஒல்லாந்துச் சாரதி பிறவியிலேயே பொறுமைசாலியல்லர். வளைந்த தெரு அவரை மெதுவாக ஓட்டச் செய்தது; சட்டம் அவரைக் கவனமாக நோக்கச் செய்தது; நாளடைவில் அதுவே வழக்கமாயிற்று. அத்தெருவையும் சட்டத்தையும் கேட்டுப் பெற்றவர்களுள் முன்னின்றோர், பிள்ளைகளை இழந்த பெற்றோரும், விளையாட இடமின்றித் தவித்த பிள்ளைகளுமே.