திருமழபாடியும் சாசனக் காப்பும்

எழுத்தெல்லாம் ஒரே காலவளவின அல்ல. அன்றாட வரவு செலவுக் குறிப்பு, கணக்கு முடியுந்துணையும் வேண்டப்படுவது. இறைவனுக்கு விட்ட நிலமும் நந்தாவிளக்கும் பற்றிய எழுத்தோ, அவ்வறம் நடைபெறுந்துணையும் வேண்டப்படுவது. இவ்வேற்றுமையை நன்குணர்ந்த சோழர் காலத்தார், நிலைபெற வேண்டிய அறங்களைக் கல்லிலும் செம்பிலும் வெட்டுவித்தனர். அவற்றிற்கு அவர் வரைந்த காலவெல்லை 'சந்திராதித்தவற்' என்பது. திங்களும் ஞாயிறும் உள்ளவரை என்பது அதன் பொருள்.

அற்றேல், கல்லேறிய எழுத்துக்கு அழிவே இல்லையோ எனின், உண்டு. கோயிலைப் புதுக்கும் திருப்பணியே அதற்கு ஊறாதலும் கூடும். பழஞ்சுவரைப் பிரிக்குங்கால் அதன்கணுள்ள சாசனமும் உடன் அழியுமன்றோ? இவ்விடருக்குப் பண்டே மாற்றுக் கண்ட தலம், கொள்ளிடத்தின் வடகரையிலுள்ள திருமழபாடி. முதலாம் இராசராசன் தனது 28-ஆம் ஆட்சியாண்டில், ஏறக்குறைய 1013-இல், ஆங்குள்ள வைத்தியநாதர் கோயில் விமானத்தைப் பிரித்துப் புதிதாக எடுக்குமாறு ஆணையிட்டான். பிரிக்குமுன் அதன் சுவரிலிருந்த கல்வெட்டுக்களைப் புத்தகத்திற் படியெடுத்துக் கொள்ளுமாறும் பணித்தான். அவை அவன் மகன் முதலாம் இராசேந்திரனது 14-ஆம் ஆண்டில், 1026 அளவில், அப்புத்தகத்தின்படி புதிய சுவரில் மீண்டும் வெட்டப்பெற்றன. ஆணையிட்ட வேந்தன் மறைந்தும் ஆணை மறைந்திலது.

ஏட்டை மட்டும் நம்பியதன் பயன் யாது? தில்லையில் திருமுறைச் சுவடிகள் செல்லரித்துக் கிடந்தமையைத் திருமுறைகண்ட வரலாறு கூறும். ஏடுகளிற் காணப்படாத ஆளுடைய பிள்ளையாரது திருவிடைவாய்ப் பதிகம், அத்தலத்துக் கோயிற் கல்வெட்டிலிருந்து 1917-இல் வெளிப்பட்டது. அங்கே ஏடு இழந்ததைக் கல் காத்தது; திருமழபாடியிற் கல் இழக்கவிருந்ததை ஏடு காத்தது. ஆகலின், என்றும் நிற்கவேண்டிய எழுத்துக்கு ஒரு படி போதாது என்பதும், பழையது அழியுமுன்னரே புதியது அமைதல் வேண்டுமென்பதும் பெறப்படும்.

மணல் வீச்சாலும் சுண்ணப் பூச்சாலும் எழுத்து மழுங்கிய கோயிற் சுவர்கள் இந்நாளிற் பல. திருப்பணி செய்யும் அன்பர் செயல் சிவதருமமே, ஐயமில்லை. எனினும் முன்னோர் செய்த தருமத்தின் சான்றை அழித்து எழும் தருமம் நிறைவுடையதாகாது. படியெடுத்த பின்னரே உளி எடுத்தல் இராசராசன் காட்டிய நெறி. அதனைக் கடைப்பிடித்தல் திருக்கோயிற்றொண்டர் யாவர்க்கும் கடனாம்.