நந்தா விளக்கும் சமயநெறியும்

இந்து சமயத்தின் அடிப்படைக் கொள்கைகள் யாவை என்று வினவுவார்க்கு ஒரு சொல்லில் விடை கூறல் அரிது. அச்சமயத்தைத் தோற்றுவித்தவர் ஒருவர் இலர். அனைவரும் ஒப்பிய தனி மறைநூலும் ஒன்றில்லை. வேதநெறி, ஆகமநெறி, அடியார் நெறி, ஊர்த்தெய்வ வழிபாடு எனப் பல நெறிகள் ஒன்றோடொன்று கலந்தும் வேறுபட்டும் அதனுள் அடங்கியுள்ளன. ஆதலின் கொள்கையினின்று தொடங்கிச் செயலுக்கு வருவதினும், செயலினின்று தொடங்கிக் கொள்கையை உணர்தலே இச்சமயத்தைப் பொறுத்தவரை நேரிய முறையாகும். அம்முறையில், விளக்கேற்றுதல் என்னும் ஒரு செயலை மட்டும் எடுத்துக்கொண்டு, சங்க இலக்கியம், அடியார் வரலாறு, கல்வெட்டு ஆகிய சான்றுகளின் துணையால் அதன்கண் பொதிந்துள்ள நம்பிக்கைகளை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வேள்வித் தீயும் விளக்கும்

விளக்கு வழிபாடு வேள்வித் தீயினின்று பிறந்தது என்று சிலர் கருதுவர். இரண்டும் தீயே, இரண்டிற்கும் நெய்யே உணவு. ஆயினும் அவற்றின் இயல்பு வேறு. வேள்வித் தீ அவியை ஏற்பது. ஏற்றுத் தேவர்க்குக் கொண்டு சேர்ப்பது. மந்திரமும் அதனை ஓதவல்லாரும் இன்றி நிகழாதது. விளக்கோ எதனையும் ஏற்பதன்று. தானே படைக்கப்படும் பொருளாய் நிற்பது. அதனை ஏற்ற மந்திரம் இன்றியமையாததன்று. ஏற்றுவார் இன்ன குலத்தினர் என்ற வரையறையும் பழந்தமிழ் நூல்களில் இல்லை.

இவ்விரண்டும் சங்க காலத்திலேயே தனித்தனியே வழங்கின என்பதற்குச் சான்றுகள் உள. பூஞ்சாற்றூர்ப் பார்ப்பான் கௌணியன் விண்ணந்தாயன் வேள்வியில் நெய்யை மிகுதியாகச் சொரிந்த சிறப்பினை ஆவூர் மூலங்கிழார் புறநானூற்றில் (166) பாடுகின்றார். இது வேதநெறி. மற்றொரு புறத்தே நெடுநல்வாடையில் நக்கீரர் காட்டும் காட்சி உளது. மழைக்காலத்து வானம் இருண்டு பகலும் இரவும் வேறுபாடு தெரியாத பொழுதில், பிச்சியின் அரும்புகள் மலர்வது கொண்டு மாலை வந்ததை உணர்ந்த மகளிர், இரும்பால் செய்த விளக்கில் திரி கொளுவி, நெல்லும் மலரும் தூவிக் கைதொழுகின்றனர். அங்கே ஆசிரியன் இல்லை. மறை ஓதுவாரும் இல்லை. இல்லத்து மகளிரே வழிபாட்டினை நிகழ்த்துகின்றனர். நெல்லும் முல்லையும் தூவி மாலை விளக்கம் காட்டும் வழக்கம் சிலப்பதிகாரத்திலும் பேசப்படுதலின், இஃது ஒரு புலவர் கற்பனையன்று, நாட்டு வழக்கே என்பது பெறப்படும்.

இல்லத்திற்கு வெளியே பொதுவிடத்தும் விளக்கு வழிபாடு இருந்தது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலை, பொதியில் ஒன்றைக் காட்டுகின்றது. தெய்வம் உறையும் கந்து நடப்பட்ட அப்பொதியிலைக் கொண்டி மகளிர், அதாவது போரில் சிறைபிடித்துக் கொணரப்பட்ட பெண்டிர், நீர்த்துறையில் மூழ்கி வந்து மெழுகுகின்றனர், மலர் சூட்டுகின்றனர், அந்திப்பொழுதில் நந்தா விளக்கினை ஏற்றுகின்றனர். வேற்றூரிலிருந்து வந்த புதியவர்கள் அங்குத் தங்கி வழிபடுகின்றனர். பிற்காலக் கோயில் வழிபாட்டின் உறுப்புகளாகிய நீராடுதல், மெழுகுதல், மலரிடுதல், விளக்கிடுதல், தொழுதல் ஆகிய ஐந்தும் இச்சிறு பகுதியில் ஒருங்கே காணப்படுதல் கருதத்தக்கது. அவற்றைச் செய்தவர் சிறைப்பட்ட மகளிர் என்பதும், தொழுதவர் ஊரற்ற வழிப்போக்கர் என்பதும் அதனினும் கருதத்தக்கன.

விழாவிலும் விளக்கு இடம்பெற்றது. முழுமதி அறுமீனைக் கூடிய நாளில் மூதூர்த் தெருக்களில் விளக்கேற்றி மாலை தூக்கிப் பலரும் கூடிய விழாவினை அகநானூறு (141) கூறுகின்றது. இன்று திருவண்ணாமலையிலும் ஏனைய ஊர்களிலும் நிகழும் கார்த்திகை விளக்கீட்டின் தொன்மை இதனால் விளங்கும்.

அடியார் கண்ட விளக்கு

கி. பி. ஏழாம் நூற்றாண்டினை ஒட்டி எழுந்த பத்தி இயக்கம் இப்பழைய செயலுக்குப் புதிய பொருள் தந்தது. பொய்கையாழ்வார் உலகையே அகலாகவும் கடலையே நெய்யாகவும் கண்டார். பூதத்தாழ்வார் அன்பினை அகலாக்கினார். அப்பரடிகள் உடம்பினை மனையாகவும் உள்ளத்தினைத் தகளியாகவும் உருவகித்தார். வீட்டிலும் பொதியிலும் எரிந்த விளக்கு ஈண்டு நெஞ்சினுள் ஏற்றப்பட்டது. ஆயினும் அகவிளக்கு வந்தமையால் புறவிளக்கு நீங்கிவிடவில்லை என்பதை உணர்தல் வேண்டும். செயலைத் தள்ளிவிட்டுக் கருத்தினை மட்டும் கொள்ளும் வழக்கம் இச்சமயத்தில் பெரும்பான்மையும் இல்லை. செயலின்மேல் கருத்தினை ஏற்றிக் கொள்வதே அதன் இயல்பு.

சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டில் இயற்றிய பெரியபுராணத்தில் விளக்குத் தொண்டினையே தம் வாழ்வாகக் கொண்ட நாயன்மார் மூவரைக் காண்கின்றோம். ஏமப்பேறூர் நமிநந்தியடிகள் திருவாரூரில் நெய் மறுக்கப்பட்டபோது நீரால் விளக்கெரித்தார். கணம்புல்லர் வறுமையுற்றுத் தில்லையில் கணம்புல்லை எரித்தார்; அதுவும் போதாதபோது தம் தலைமயிரையே எரித்தார். திருவொற்றியூர்க் கலியர், செக்காட்டும் குலத்தில் பிறந்தவர். பொருளெல்லாம் இழந்தபின் எண்ணெய்க்கு ஈடாகத் தம் குருதியைச் சொரியத் துணிந்தார். இவ்வரலாறுகளை நிகழ்ச்சிகளாகக் கொள்வதா, அன்பின் உருவகங்களாகக் கொள்வதா என்பது வேறு வினா. மூன்றினும் பொதுவாக அமைந்த கருத்து ஒன்றுண்டு: விளக்கு அணைதல் கூடாது, அதன்பொருட்டு மாந்தன் எதனை இழந்தாலும் தகும் என்பதே அது. பெருஞ்செல்வத்தாலன்றி இயலாத வேள்விக்கு மாறாக, புல்விற்று உண்பவனும் செக்காட்டுபவனும் செய்யத்தக்க வழிபாடாக விளக்கு நின்றது என்பதும் இதனால் போதரும்.

கல்வெட்டுக் காட்டும் முறை

தனியடியார் தம் உயிரைக் கொடுத்துக் காக்க முயன்ற விளக்கினை, ஒன்பதாம் நூற்றாண்டு முதற்கொண்டு கல்வெட்டுகள் ஓர் அறநிலையமாக அமைத்தன. நந்துதல் என்பதற்குக் கெடுதல் என்பது பொருள். நந்தா விளக்கு, கெடாத விளக்கு. கல்வெட்டுகளில் இது பெரும்பாலும் திருநுந்தா விளக்கு என வழங்கும். நுந்துதல் தூண்டுதல் ஆகலின், தூண்ட வேண்டாத விளக்கு எனவும் பொருள் கொள்ளலாம். எவ்வாறு கொள்ளினும், இரவும் பகலும் இடையறாது எரிவது என்பதே கருத்து.

இடையறாது எரிதற்கு இடையறாது நெய் வேண்டும். அதற்குச் சிலர் பொன்னைக் கொடுத்தனர். அதன் பொலிசை, அதாவது வட்டி, நெய்க்காயிற்று. சிலர் நிலம் கொடுத்தனர். மிகப் பலர் ஆடுகளைக் கொடுத்தனர். பெரும்பான்மையான கல்வெட்டுகளில் விளக்கொன்றுக்குத் தொண்ணூறு அல்லது தொண்ணூற்றாறு ஆடுகள் குறிக்கப்படுகின்றன. கி. பி. 1010-இல் முற்றுப்பெற்ற தஞ்சைப் பெருங்கோயிலில் முதலாம் இராசராசன் காலத்து அளவு திட்டவட்டமானது: விளக்கொன்றுக்குத் தொண்ணூற்றாறு ஆடுகள், அல்லது நாற்பத்தெட்டுப் பசுக்கள், அல்லது பதினாறு எருமைகள். இவற்றைப் பெற்ற இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்கக் கடவர். ஒரு பசு இரண்டு ஆடுகளுக்கும், ஓர் எருமை மூன்று பசுக்களுக்கும் ஒப்பாகக் கொள்ளப்பட்டமை இதனால் அறியப்படும்.

இவ்வெண்ணிக்கைகள் எங்ஙனம் வந்தன என்பது ஆராய்தற்குரியது. நான்கு உழக்கு ஒரு நாழி. நாளொன்றுக்கு உழக்கு நெய் வீதம் 360 நாளைக்கு 90 நாழியாகும். ஆகவே 90 ஆடு என்ற கணக்கில் ஆடொன்றுக்கு ஆண்டில் ஒரு நாழி நெய் சரியாகப் பொருந்துகின்றது. 365 நாள் எனக் கொண்டால் 91 நாழிக்குச் சற்று மிகும். 96 ஆடு என்ற கணக்கில் ஏறத்தாழ ஐந்து நாழி எஞ்சும். ஈற்றொழிந்த ஆட்டிற்கும் நோயுற்ற ஆட்டிற்கும் ஈடாக இம்மிகுதி விடப்பட்டிருத்தல் கூடும். இஃது எம் ஊகமேயாயினும், அறக்கட்டளையை வகுத்தோர் மேய்ச்சல் தொழிலின் நிலையறிந்து அளவிட்டனர் என்பதை இக்கணக்கு உணர்த்துகின்றது.

இனி, இவ்வாடுகளைக் கல்வெட்டுகள் ‘சாவா மூவாப் பேராடு’ என்று வழங்குகின்றன. சாவாத, மூப்படையாத பெரிய ஆடுகள் என்பது சொற்பொருள். உலகில் அத்தகைய ஆடு இல்லை. இறப்பனவற்றிற்கும் மூப்பனவற்றிற்கும் ஈடாகக் குட்டிகளை நிரப்பி, மந்தையின் எண்ணிக்கை என்றும் குறையாவண்ணம் காத்தல் இடையர் கடன் என்பதே இத்தொடரின் கருத்து. தனி ஆடு சாகும், மந்தை சாவதில்லை. அவ்வாறே எண்ணெயும் திரியும் அழியும்; விளக்கு அணைவதில்லை. இடையனும் மூத்து மறைவான். அவன் மக்கள் அக்கடனை ஏற்பர். நிலையாமையைக் கொண்டே நிலைபேற்றினை அமைத்த இம்முறை, உடல் அழியினும் உயிர் தொடரும் என நம்பிய ஒரு சமூகத்தின் சிந்தனைக்கு இயைந்ததாகவே காணப்படுகின்றது. ‘சந்திராதித்தவல்’ என்று, ஞாயிறும் திங்களும் உள்ளளவும் இவ்வறம் செல்லும் என எழுதிவைத்ததும் அந்நம்பிக்கையாலே.

உயிருக்கு ஈடாகிய விளக்கு

விளக்குக் கொடையின் காரணங்களுள் மிகவும் சிந்திக்கற்பாலது ஒன்றுண்டு. வேட்டையில் எய்த அம்பு தவறி மற்றொருவன் மேல் பாய்ந்து அவன் இறந்தமை, சினத்தால் தள்ளியபோது எதிர்பாராது சாவு நேர்ந்தமை போன்ற நிகழ்ச்சிகளைச் சோழர் காலக் கல்வெட்டுகள் பல குறிக்கின்றன. இவ்வழக்குகளை நாட்டாரும் ஊராரும் கூடி ஆராய்ந்து, கொல்லும் கருத்தின்றி நிகழ்ந்த கொலையாதலின் இவன் சாவ வேண்டா, இறந்தவன் பொருட்டுக் கோயிலில் விளக்கு வைக்கக் கடவன் என்று தீர்ப்பளித்தனர்.

இத்தீர்ப்பில் மூன்று நம்பிக்கைகள் ஒருங்கே அமைந்துள்ளன. செயலுக்கு விளைவு உண்டு. அறியாது செய்தாலும் அது செய்தவனை விடாது என்பது ஒன்று. விளைவினைக் கழுவாயால் தணித்தல் கூடும் என்பது மற்றொன்று. இறந்தவன் உயிர்க்கு இங்குள்ளார் செய்யும் அறம் சென்று பயன்தரும் என்பது மூன்றாவது. வினை, கழுவாய், நீத்தார் கடன் என்று நூல்கள் விரித்துரைப்பனவற்றை ஊர்மக்கள் தொண்ணூறு ஆடுகளில் அமைத்துக் காட்டினர். கொன்றவனும் பிழைத்தான், கொல்லப்பட்டவன் பெயரும் நிலைத்தது, இரு குடும்பத்தாரும் அவ்விளக்கின்முன் நிற்கும் நிலை உண்டாயிற்று. எனினும் இம்முறையைக் குறையற்றதெனப் போற்றுவதும் வரலாற்றுக்குப் பொருந்தாது. ஆடுகள் கொடுக்கும் ஆற்றல் எல்லார்க்கும் இல்லை. இறந்தவன் குடும்பம் தன் வயிற்றுக்கு என்ன பெற்றது என்பதைக் கோயிற் கல்வெட்டில் தேடுதல் வீண்.

விளக்குக் கொடை சைவ வைணவக் கோயில்களுக்கே உரியதன்று என்பதையும் சுட்டுதல் வேண்டும். போளூரை அடுத்த திருமலையில், முதலாம் இராசேந்திரன் காலத்தில், வணிகன் ஒருவன் மனைவி சமணக் கோயிலுக்கு நந்தா விளக்கு வைத்துள்ளாள். நமிநந்தியடிகள் வரலாற்றில் சமணரோடு மாறுபாட்டிற்குக் காரணமாகிய அவ்விளக்கே, கல்வெட்டில் சமணர்க்கும் பொதுவாய் நிற்கின்றது. ஆதலின் சமயங்களின் பூசல் நூல்களில் உரத்து ஒலித்த காலத்தும், மக்கள் வழக்கு அவற்றிற்கிடையே ஒன்றாய் இருந்தது எனலாம்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், விளக்கேற்றுதல் வேள்வியின் கிளையன்று, தனித்த வழக்கு என்பதும், இல்லம், பொதியில், கோயில், உள்ளம் என்னும் நான்கு இடங்களில் அது நின்றது என்பதும், அரசனும் சிறைப்பட்ட மகளும் இடையனும் குற்றம் செய்தவனும் அதன்கண் பங்குகொண்டனர் என்பதும் பெறப்பட்டன. 1872-இல் வடலூரில் சத்திய ஞான சபையை நிறுவிய இராமலிங்க அடிகள் சோதியையே வழிபடுபொருளாக வைத்ததும் இந்நெடுவழக்கின் தொடர்ச்சியே.

பல கோயில்களில் இன்று சாவா மூவாப் பேராடுகள் கல்லில் மட்டுமே உள்ளன. மந்தையும் இல்லை, நெய் அளப்பாரும் இல்லை. வருவாயற்ற கோயில்களில் வைப்புநிதியின் வட்டிகொண்டு ஒருகாலப் பூசை நடைபெறச் செய்யும் திட்டம் தமிழ்நாட்டில் செயற்படுகின்றது. முதல் குறையாது பயனை மட்டும் கொள்ளுதல் என்னும் பழைய முறையே அது. மாணாக்கர் தம் ஊர்க் கோயிற் சுவரில் விளக்குக் கொடையினைப் படிக்க நேரின், அதனை ஆட்டுக் கணக்கு என்று கடந்து செல்லாதிருப்பாராக. அக்கல்வெட்டின் பின்னே எவனோ ஒருவனது அச்சமோ, அன்போ, இரக்கமோ உளது. அதனைக் கண்டறிந்தாலன்றிச் சமய வரலாறு நிறைவுறாது.